சூடேறாத எஞ்சினும் ‘ஸ்போர்ட்’ பொத்தானும்

சிராங்கூன் சாலையில் சனிக்கிழமை மாலைப் போக்குவரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேக்கா சந்தையிலிருந்து முஸ்தஃபா சென்டர் வரை வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். அந்த வரிசையில், ஒரு டாக்சிக்கும் காய்கறி லாரிக்கும் நடுவே, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் எட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சில நேரம் மாட்டிக்கொண்டு நிற்கும். நம் விரைவுச்சாலைகளிலேயே உச்ச வேகவரம்பு 90 கிலோமீட்டர்தான் என்பதால், அந்த 300-ஐ அது இங்கே எட்டப்போவதில்லை.

இத்தகைய கார்களின் ஸ்டீயரிங்கிலோ நடுப்பலகையிலோ ஒரு திருகு இருக்கும். ‘கம்ஃபர்ட்’, ‘நார்மல்’, ‘ஸ்போர்ட்’, ‘டிராக்’ என்று அதில் பல ஓட்டமுறைகள். இந்தத் திருகைப் பற்றியும் எஞ்சினைச் சூடேற்றுவதைப் பற்றியும் மூன்று நம்பிக்கைகள் பரவலாக உள்ளன.

ஒன்று, ‘ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் எஞ்சின் வேகத்துக்குத் தயாராகிவிடும். இரண்டு, சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயில், அதனால் இங்கே எஞ்சின் சூடேறக் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று, விலையுயர்ந்த காரைப் புறப்படும் முன் பத்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுவது அதற்கு நல்லது.

மூன்றுமே தவறு. ஏன் தவறு என்பதை விளக்க, உயர்நிலைப் பள்ளி இயற்பியலும் வேதியியலும் போதும்.

பொத்தான் எதை மாற்றுகிறது?

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து எஞ்சின் வரை ஒரு கம்பி ஓடும். மிதியை அழுத்தினால் கம்பி இழுபட்டு, எஞ்சினுக்குள் காற்று செல்லும் வழி திறக்கும். இன்றைய கார்களில் அந்தக் கம்பி இல்லை. மிதியின் அடியில் இருப்பது ஓர் உணரி. ‘ஓட்டுநர் மிதியை 30 விழுக்காடு அழுத்தியிருக்கிறார்’ என்று அது கணினியிடம் சொல்லும். காற்றுவழியை எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி முடிவு செய்யும்.

ஓட்டமுறை இந்த முடிவைத்தான் மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, 30 விழுக்காடு அழுத்தத்துக்கு ‘நார்மல்’ முறையில் காற்றுவழி 20 விழுக்காடு திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஸ்போர்ட்’ முறையில் அதே அழுத்தத்துக்கு 50 விழுக்காடு திறக்கலாம். கார் துள்ளிப் பாய்வதுபோல் தோன்றும். ஆனால், மிதியை முழுவதும் அழுத்தினால் பெரும்பாலான கார்களில் இரண்டு முறைகளிலும் கிடைக்கும் உச்ச ஆற்றல் ஒன்றுதான்.

இதோடு வேறு சில மாற்றங்களும் நடக்கும். தானியங்கி கியர் மேல் கியருக்குச் செல்லத் தாமதிக்கும். ஸ்டீயரிங் சற்றுக் கனக்கும். புகைக்குழாயில் உள்ள அடைப்பான் திறந்து சத்தம் கூடும். அதிர்வுதாங்கிகள் விறைப்பாகும். சில கார்களின் அதிர்வுதாங்கிகளுக்குள் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்த எண்ணெய் இருக்கிறது. மின்சாரத்தால் காந்தப்புலம் உண்டானதும் துகள்கள் சங்கிலிபோல் வரிசைகட்டும். எண்ணெய் ஓடுவது கடினமாகி, அதிர்வுதாங்கி விறைக்கும். சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியிலேயே இவ்வளவும் நடந்து முடிந்துவிடும்.

நம் ஊர் மழைக்கு ஏற்ற ஓட்டமுறையும் உண்டு. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான போர்ஷ 911 காரில் முன்சக்கரங்களின் மேல்வளைவுக்குள் ஒலி உணரிகள் உள்ளன. ஈரச் சாலையில் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரின் ஓசையைக் கேட்டு, ‘மழைக்கான முறைக்கு மாறுங்கள்’ என்று அவை ஓட்டுநருக்குப் பரிந்துரைக்கும்.

ஆக, பொத்தான் மாற்றுவது கார் கட்டளைக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதை. எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயின் வெப்பநிலையை அது ஒரு டிகிரிகூட உடனே உயர்த்துவதில்லை.

30 டிகிரியும் குளிர்தான்

தோசைக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சூடேறாத கல்லில் எண்ணெய் விட்டால், விட்ட இடத்திலேயே திரண்டு நிற்கும். கல் காய்ந்ததும் அதே எண்ணெய் நீர்போல் ஓடிப் படரும். எண்ணெயின் அளவு மாறவில்லை. மாறியது அதன் பாகுநிலை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு.

எஞ்சின் எண்ணெயும் இப்படித்தான். அதன் புட்டியில் ‘5டபிள்யூ-30’ போன்ற ஒரு குறியீடு இருக்கும். ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்லும். பின்னுள்ள எண், 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை எந்த வரம்புக்குள் இருக்கும் என்பதைச் சொல்லும்.

அந்த 100 டிகிரியைக் கவனியுங்கள். எஞ்சினை வடிவமைப்பவர்களுக்கு எண்ணெயின் இயல்பான வேலை வெப்பநிலை ஏறக்குறைய அதுதான். வழக்கமான 5டபிள்யூ-30 எண்ணெயின் பாகுநிலை 30 டிகிரியில், 100 டிகிரியில் இருப்பதைப்போல் சுமார் 9 மடங்கு. பூஜ்ஜியம் டிகிரியில் அது 50 மடங்கை நெருங்கும். பனி பெய்யும் ஊரோடு ஒப்பிட்டால் நம் நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும், அதிகாலையில் வீவக கார் நிறுத்துமிடத்தில் 28 டிகிரியில் நிற்கும் எஞ்சின், தன் வேலை வெப்பநிலையைவிட 70 டிகிரி கீழேதான் இருக்கிறது. நமக்கு வியர்க்கும் வெப்பநிலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது.

கெட்டியான எண்ணெய் எஞ்சினின் குறுகிய வழிகளில் மெதுவாகவே செல்லும். அப்போது எண்ணெய் அழுத்தமானி உயர்ந்த எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து ‘எண்ணெய் நன்றாகப் பாய்கிறது’ என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டியான மில்க் ஷேக்கை மெல்லிய குழல் வழியே உறிஞ்சிப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் இழுவிசை அதிகம், வாய்க்கு வந்துசேருவது குறைவு. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு.

டர்போ பொருத்தப்பட்ட காரில் இது இன்னும் முக்கியம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுற்றுகள் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

உலோகம் விரியும் கணக்கு

வெப்பத்தால் பொருள் விரியும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா உலோகமும் ஒரே அளவு விரிவதில்லை. நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும், வெப்பநிலையில் ஒவ்வொரு டிகிரிக்கும், அலுமினியம் ஏறக்குறைய 23 மைக்ரோமீட்டர் விரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11 மைக்ரோமீட்டர்தான் விரியும்.

90 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய பிஸ்டன் ஒன்று, வார்ப்பிரும்புச் சுவர் கொண்ட உருளைக்குள் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தீப்பிழம்பை நேரே எதிர்கொள்ளும் பிஸ்டனின் தலைப்பகுதி 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம்:

90 × 0.000023 × 200 = 0.41 மில்லிமீட்டர் கூடும்.

குளிர்நீர் சூழ்ந்த உருளைச் சுவர் 100 டிகிரி சூடேறினால்:

90 × 0.000011 × 100 = 0.10 மில்லிமீட்டர் கூடும்.

வேறுபாடு 0.3 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் என்றால், இது நான்கு தலைமுடிகளின் தடிமன். இதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் பொறியாளர்கள் பிஸ்டனின் தலைப்பகுதியை அடிப்பகுதியைவிடச் சற்று ஒடுக்கமாகச் செய்கிறார்கள். எல்லாப் பாகங்களும் தத்தம் வேலை வெப்பநிலையை அடைந்த பிறகே, இடைவெளிகள் வரைபடத்தில் உள்ள அளவுக்கு வரும்.

குளிர்ந்த எஞ்சினை ஒரேயடியாக விரட்டினால் என்ன ஆகும்? பிஸ்டன் சில நொடிகளில் சூடாகி விரியும். உருளைச் சுவரோ இன்னும் குளிர்ந்தே இருக்கும். இடைவெளி சுருங்கும் அதே நேரத்தில், அங்கே சேர வேண்டிய எண்ணெயும் கெட்டியாக இருக்கிறது. தேய்மானம் கூடுவது இப்படித்தான். அன்றைக்கே எதுவும் உடையாது. பல நூறு காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஆண்டுகள் கழித்துப் பழுதாக வெளிப்படும்.

நீர் முந்தும், எண்ணெய் பிந்தும்

பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பார்ப்பது குளிர்நீரின் வெப்பமானியை. அது ஐந்து நிமிடங்களில் நடுக்கோட்டுக்கு வந்துவிடக்கூடும். அதை நம்பி மிதியை அழுத்துபவர்கள் உண்டு. எண்ணெய் அதே வேகத்தில் சூடாவதில்லை. அது பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும்.

இதையும் கணக்கிடலாம். பெரிய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினில் 8 லிட்டர் எண்ணெய் இருக்கிறது எனக் கொள்வோம். அதன் நிறை ஏறக்குறைய 6.8 கிலோகிராம். எண்ணெயின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 2 கிலோஜூல். 30-லிருந்து 90 டிகிரிக்கு உயர்த்த:

6.8 × 2 × 60 = 816 கிலோஜூல் தேவை.

உங்கள் வீட்டு 2 கிலோவாட் மின்கெண்டியில் இந்த எண்ணெயை ஊற்றிச் சூடாக்கினால், வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும் கிட்டத்தட்ட 7 நிமிடம் ஆகும். எஞ்சினில் அதைச் சுற்றியுள்ள உலோகமும் சேர்ந்து சூடாக வேண்டும்.

இந்தத் தாமதத்தைத் தயாரிப்பாளர்கள் நன்கு அறிவார்கள். 2000-ஆம் ஆண்டில் வந்த பிஎம்டபிள்யூ எம்3 காரின் சுழற்சிமானியைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருந்தன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறைந்த சுழற்சி எண்ணிலிருந்தே அவை எரியும். எண்ணெய் சூடாக ஆக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, அனுமதிக்கப்பட்ட வரம்பு மேலே நகரும். இன்று பல கார்களில் இந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் சூடாகும்வரை உச்ச சுழற்சியைக் கட்டுப்படுத்தும். நின்ற நிலையிலிருந்து சீறிப் பாய உதவும் வசதியையும் தராது. ஓட்டுநர் எந்த முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், முதலில் எண்ணெயின் வெப்பநிலையைத்தான் அது பார்க்கிறது.

நின்றபடி சூடேற்றினால்?

‘அப்படியானால் புறப்படும் முன்பே ஓடவிட்டுச் சூடேற்றலாமே’ என்று கேட்கலாம். முதல் தடை சட்டம். சிங்கப்பூரில் போக்குவரத்துக் காரணமின்றி, நிறுத்திய வாகனத்தின் எஞ்சினை ஓடவிடுவது குற்றம். தேசியச் சுற்றுப்புற வாரியம் அதற்கு அபராதம் விதிக்கும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்து அறிவியலை மட்டும் பார்த்தாலும் அது நல்ல வழியன்று. நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கும். ஒரு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் கார், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகச் சென்றால் மணிக்கு 6 லிட்டர் எரிக்கும். அதாவது, ஒரே நேரத்தில் ஆறு மடங்கு எரிபொருள். அதில் ஒரு பகுதி மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும். மீதியில் பெரும்பங்கு வெப்பம். ஆகவே, நிற்கும் எஞ்சினைவிட ஓடும் எஞ்சின் விரைவாகச் சூடேறும். கியர்ப்பெட்டியும் டயர்களும் அதிர்வுதாங்கிகளும் கார் நகர்ந்தால்தான் சரியாகச் சூடேறும்.

மேலும், குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் முழுமையாக ஆவியாவதில்லை. அதை ஈடுகட்டக் கணினி அதிக பெட்ரோலைச் செலுத்தும். ஆவியாகாத துளிகள் உருளைச் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எண்ணெயில் கலந்துவிடும்.

நீரும் சேரும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். வகுப்பில் எழுதும் ஆக்டேன் எரிதல் சமன்பாட்டைக் கொண்டு இதை நீங்களே சரிபார்க்கலாம். பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். காலையில் சில கார்களின் பின்னால் நீர் சொட்டுவது இதனால்தான். சிறு பகுதி குளிர்ந்த எஞ்சினுக்குள் நீர்த்துளியாகப் படியும். எண்ணெய் நன்கு சூடாகி, சிறிது நேரம் அப்படியே இருந்தால்தான் அந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும்.

இதனால்தான் குறுகிய பயணங்கள் எஞ்சினுக்குக் கேடு. ஃபேரர் பார்க்கிலிருந்து தேக்கா சந்தைக்குக் காரில் போய், அணைத்து, கீரை வாங்கித் திரும்பி, மீண்டும் அணைத்தால் எண்ணெய் ஒருமுறைகூடச் சூடாகியிருக்காது. வடகிழக்கு ரயில் பாதையில் அது ஒரே ஒரு நிலையத் தொலைவு.

காற்றின் தூய்மைக்கும் இதில் பங்குண்டு. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரிக்குச் சூடான பிறகே சரியாக வேலை செய்யும். அதுவரை கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் அதிகம் வெளிவரும். ஆகவே, குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் கணினி வேண்டுமென்றே சுழற்சியைக் கூட்டி, சூடான புகையை அனுப்பி மாற்றியைச் சூடேற்றும். பலமாடி கார் நிறுத்துமிடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அதிகாலையில் உறுமினால், அது முழுக்க ஓட்டுநரின் வீம்பு என்று எண்ண வேண்டாம். முதல் அரை நிமிட உறுமல் பெரும்பாலும் கணினியின் வேலை. அதற்குப் பிறகும் நின்றபடி உறுமினால் அது ஓட்டுநரின் வேலை!

பந்தயத் தடத்தில்

மரினா பே வீதிகளில் 2008-ல் எஃப்1 பந்தயத்தின் முதல் இரவுப் போட்டி நடந்தது. அதற்கு முன்பே, 1961 முதல் 1973 வரை, அப்பர் தாம்சன் சாலைப் பகுதியில் கிராண்ட் பிரி பந்தயம் நடந்திருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2012-ல் மரினா பே தடத்தில் ஓட்டினார். அவர் காலத்து 2.4 லிட்டர் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள்வரை சுழன்றன.

எஃப்1 எஞ்சினின் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிக மிகக் குறைவு. குளிர்ந்த நிலையில் அதை இயக்க முயல்வதே ஆபத்து. ஆகவே, பொறியாளர்கள் சூடான நீரையும் எண்ணெயையும் வெளியிலிருந்து எஞ்சினுக்குள் செலுத்தி, உலோகம் விரிந்த பிறகே அதை இயக்குகிறார்கள். டயர்களையும் மின்போர்வையால் சுற்றிச் சூடேற்றுகிறார்கள். உலகின் மிக வேகமான கார்களைக் கையாள்பவர்களே வெப்பநிலைக்குக் காத்திருக்கிறார்கள்.

முதல் பத்து நிமிடம்

சரியான பழக்கம் எளிது. எஞ்சினை இயக்கி, இருக்கை வார் அணிந்து, கண்ணாடிகளைச் சரிபார்க்கும் அரை நிமிடம் போதும். பிறகு ‘நார்மல்’ அல்லது ‘கம்ஃபர்ட்’ முறையில் நிதானமாகப் புறப்படலாம். ‘ஸ்போர்ட்’ முறை கீழ் கியரிலேயே நிற்பதால், குளிர்ந்த எஞ்சினைத் தேவையின்றி வேகமாகச் சுழற்றும். உயர் கியரில் மிகக் குறைந்த சுழற்சியில் எஞ்சினைத் திணறவைப்பதும் கூடாது. மிதியை மென்மையாகக் கையாண்டு, சுழற்சியை நடுத்தரத்துக்குக் கீழே வைத்து, எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். எண்ணெய் வெப்பமானி இல்லாத காரில், குளிர்நீரின் முள் நடுவுக்கு வந்த பிறகும் மேலும் ஐந்து நிமிடம் காத்திருப்பது நல்லது.

மின்சாரம் கலந்த கார்களில் ஒரு புதிய சிக்கல் உண்டு. ஃபெராரி 296 ஜிடிபி போன்ற கார் மின்சாரத்தில் மட்டும் சத்தமின்றி ஓடும். விரைவுச்சாலையில் திடீரென அதிக ஆற்றல் கேட்டால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பெட்ரோல் எஞ்சின் விழித்தெழ வேண்டும். அந்த எஞ்சினைச் சூடாக வைத்திருப்பதும் கணினி கவனிக்கும் வேலைகளில் ஒன்று.

2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். முழு மின்சாரக் காரில் எஞ்சின் எண்ணெய் இல்லை. ஆனால், மின்கலத்துக்கும் பிடித்தமான வெப்பநிலை உண்டு. ஹியுண்டாய் ஐயோனிக் 5 என் காரில் மின்கலத்தை முன்கூட்டியே தயார்செய்யும் வசதி இருக்கிறது. சில நொடி உச்ச வேகத்துக்கு ஒரு வெப்பநிலை, பல சுற்றுகள் ஓடுவதற்கு அதைவிடக் குறைந்த வெப்பநிலை. பெட்ரோல் எஞ்சினுக்குக் குளிராகத் தோன்றும் நம் 30 டிகிரி, மின்கலத்துக்கு இதமானது. அங்கே கவலை சூடேற்றுவது பற்றியதல்ல, குளிர்விப்பது பற்றியது.

உங்களில் பெரும்பாலோர் கார் ஓட்ட 18 வயது வரை பொறுக்க வேண்டும். அதுவரை பின்னிருக்கையிலிருந்தே கவனிக்கலாம். பெட்ரோல் கார் காலையில் இயங்கியதும் சுழற்சிமானியின் முள் 1,200-ஐ ஒட்டி நின்று, சிறிது நேரத்தில் 700 அளவுக்கு இறங்குகிறதா? சிக்னலில் தானாக அணையும் எஞ்சின், புறப்பட்ட முதல் சில நிமிடங்களில் அணையாமல் இருக்கிறதா? இரண்டுமே எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்பதன் அடையாளங்கள். பள்ளி வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும் கார் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றால், அதை அணைக்கச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் சொல்வதற்கு இப்போது உங்களிடம் கணக்கே இருக்கிறது.